புது நாட்டு மயக்கம் தெளிந்த பிறகு எப்படிச் சமாளிப்பது?

புதுக்கரை கேட்டது:

வேலைக்காக வெளிநாடு வந்து ஆறு மாதம் தாண்டிவிட்டது. ஆரம்பத்தில் பார்த்ததெல்லாம் புதுசு. இப்போது வேலை விட்டால் அறை, அறை விட்டால் வேலை. மொழி ஓரளவு வரும். நாலு பேர் சேர்ந்து பேசினால் பிடிபடுவதில்லை. தினமும் ராத்திரி வீட்டுக்கு நீளமாக வீடியோ கால். வைத்ததும் மனசு இன்னும் கனக்கிறது. குளிர்காலம் வேறு தொடங்கிவிட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றுகிறது. இது தானாகச் சரியாகுமா? எதை மாற்ற வேண்டும்?

வடகாற்று:

சகோ, முதலில் மாற்ற வேண்டியது அந்த ராத்திரி கால். நிறுத்தச் சொல்லவில்லை. படுக்கும் நேரத்தில் பேசினால் தூக்கம் தள்ளிப்போகும். அதோடு, உடம்பு மிகவும் சோர்ந்த நேரத்தில் வீட்டு முகங்களைப் பார்ப்பதால் ஏக்கம் கூடுகிறது. வெளியே போகக் கிடைக்கும் மாலை நேரமும் அதிலேயே கரைகிறது. வாரம் மூன்று நாள், அரைமணி நேரம், நேர வித்தியாசம் இடம்கொடுத்தால் காலையில் பேசுங்கள். மற்ற நாட்களில் குரல் செய்தி போதும். திடீரென்று குறைத்தால் வீட்டில் பயந்துவிடுவார்கள். காரணத்தையும் புது நேரத்தையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

திரும்பிப் போகும் முடிவை இப்போது எடுக்காதீர்கள். மூன்று மாதம் தள்ளி ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், தூக்கம், வேலை, ஆட்களோடு பழக்கம் மூன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் எழுதுங்கள். வேலை மட்டும் தொடர்ந்து அடியில் கிடந்தால், சிக்கல் வேலையில்தான். அப்படியானால் நாடு திரும்புவதற்கு முன் வேலை மாறலாமா என்று பாருங்கள்.

நிழல்மரம்:

'தானாகச் சரியாகும்' என்ற நம்பிக்கைக்கு ஒரு பழைய ஆய்வு காரணம். ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா சென்றுவந்த நார்வேக்காரர்களைப் பற்றி ஸ்வெர்ரே லிஸ்கார்ட் 1955இல் எழுதினார்: 6 முதல் 18 மாதம் வரை தங்கியவர்கள்தான் அதிகம் திணறினார்கள், அதைவிடக் குறைவாகவோ கூடுதலாகவோ இருந்தவர்கள் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். 1998இல் காலீன் வார்டும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், நியூசிலாந்து வந்த ஜப்பானிய மாணவர்களுக்கு வந்திறங்கிய சமயத்தில்தான் மனச்சோர்வு உச்சத்தில் இருந்தது. எல்லோருக்கும் ஒரே அட்டவணை கிடையாது.

உங்களுக்கு இல்லாதது பழகிய மனிதர்கள். அதற்கு மணிக்கணக்கு வேண்டும். புதிதாக இடம்பெயர்ந்தவர்களை ஆராய்ந்த ஜெஃப்ரி ஹாலின் 2018ஆம் ஆண்டுக் கட்டுரைப்படி, தெரிந்தவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம், அதைத் தாண்டி நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200க்கு மேல். வேலையிடத்தில் சேர்ந்து கழியும் நேரம் அவ்வளவாகக் கணக்கில் சேர்வதில்லை. வாரம் இரண்டு மணி நேரம் பழகினால் 50ஐத் தொடவே ஆறு மாதம் ஆகும். அதனால் இன்னும் நண்பர் கிடைக்காததை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பலர் வாரத்துக்கு ஒரு புதுக் கூட்டத்துக்குப் போகிறார்கள். ஒவ்வொரு முறையும் பெயர் சொல்வதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. ஒரே குழு, ஒரே கிழமை, குறைந்தது பத்து வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்மிண்டன், சேர்ந்து பாடுவது, தன்னார்வ வேலை என்று கைக்கோ வாய்க்கோ ஏதாவது வேலை இருக்கும் குழுவாகப் பாருங்கள். பேச்சு நின்றாலும் அங்கே சங்கடம் இல்லை. நான்காம், ஐந்தாம் வாரம் அலுப்புத் தட்டும். பெரும்பாலோர் விடுவது அப்போதுதான், தயவுசெய்து விடாதீர்கள்.

பனிவிளக்கு:

குளிர்காலம் என்றதால் ஒன்று. பகல் குறுகும் நாடுகளில் சோர்வுக்கு வெளிச்சக் குறைவும் காரணமாகலாம். மதிய இடைவேளையில் அரைமணி நேரம் வெளியே நடங்கள். மேகமூட்டமான வானம்கூட அறை விளக்கைவிடப் பல மடங்கு பிரகாசம். போதவில்லை என்றால் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) சிகிச்சை விளக்கு, புற ஊதாக் கதிர் வடிகட்டியோடு. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 30 நிமிடம், முகத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேராக உற்றுப் பார்க்கக் கூடாது. பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தைவிடத் தள்ளி வைத்தால் அந்த லக்ஸ் கிடைக்காது. மாலையில் போட்டால் தூக்கம் கெடும். கண் நோயோ, அதீத உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் இருமுனையக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

புதுக்கரை:

நன்றி. வீடியோ கால் நேரத்தை மாற்றிவிடுகிறேன். குழுவில் பேச்சு பிடிபடாததற்கு என்ன செய்வது? சிரித்துத் தலையாட்டிவிட்டு வருகிறேன்.

நிழல்மரம்:

தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று அவர்கள் வேகம் கூட்டுவார்கள். கடைசியாகக் காதில் விழுந்த சொல்லைத் திருப்பிக் கேளுங்கள்: "மாற்றிவிட்டார்கள் என்றீர்களே, எதை?" முழுவதும் மறுபடி சொல்லச் சொல்வதைவிட இதற்குப் பதில் சொல்வது அவர்களுக்கு எளிது. உட்காரும் இடமும் முக்கியம். மேசை ஓரத்தில், சுவருக்கு முதுகு கொடுத்து அமர்ந்தால் பின்னிரைச்சல் குறையும். இரண்டாம் மொழியைக் காதால் பின்தொடர்வது களைப்பான வேலை, ஒரு மணி நேரத்தில் கிளம்பினாலும் தப்பில்லை. குழுவில் ஒருவரைத் தனியாக நடக்க அழையுங்கள், இருவர் பேச்சில் மொழி வேகமாக வளரும்.

வடகாற்று:

ஒன்று விட்டுப்போனது. முன்பு பிடித்த எதிலும் நாட்டமின்மை, தூக்கக் கேடு, பசியின்மை இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய தினமும் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். பல நிறுவனங்கள் ஊழியர்களுக்கு இலவச மனநல ஆலோசனை வைத்திருக்கின்றன. மனிதவளத் துறையில் கேளுங்கள், காப்பீட்டில் வருமா என்றும் பாருங்கள். தமிழில் பேச வேண்டுமென்றால் வீடியோ வழி ஆலோசகரைத் தேடலாம். உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் அந்த நாட்டு அவசர எண்ணை உடனே அழையுங்கள். அந்த எண்ணை இன்றே போனில் சேமித்து வையுங்கள்.