14-ஆம் நாள் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை, கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் தோழிகளே. எட்டு மாதமாகக் குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். எனக்கு மாதவிடாய் ஒரு தடவை 27 நாளில் வரும், அடுத்தது 36 நாள் ஆகும். 14-ஆம் நாள் கருமுட்டை வெளிவரும் என்று எல்லோரும் சொல்வதை நம்பித்தான் இருந்தோம், ஆனால் அது 28 நாள் சுழற்சிக்கான கணக்காம். முட்டை வெளிவந்த பிறகு வரும் நாட்கள் பெரும்பாலும் 12 முதல் 14 வரைதான், கூடுவதும் குறைவதும் அதற்கு முந்தைய பகுதிதான் என்று படித்ததும், இத்தனை மாதம் தப்பாக எண்ணிவிட்டோமே என்று மனசு கனத்துப்போனது. முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்கூட முழுசாக இல்லை. விந்தணுதான் உள்ளே 5 நாள் வரை தாங்கும், அதனால் முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

சரி என்று முட்டை வெளிவரும் முன் சிறுநீரில் உச்சத்துக்கு ஏறும் எல்.எச். ஹார்மோனைப் பார்க்கும் பட்டை வாங்கினேன்; உச்சத்தில் கோடு அழுத்தமாக வருமாம். 13-ஆம் நாளிலிருந்து 19 வரை வெளிறிய ரோஸ் கோடுதான், ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்கே தெரிகிறது. 20-ஆம் நாள் அதுவும் மங்கிவிட்டது. ஆனால் காலையில் எழும் முன் பார்க்கும் உடல் வெப்பம் 21-இலிருந்து 0.3 டிகிரி செல்சியஸ் கூடி அப்படியே நிற்கிறது; முட்டை வெளிவந்த பிறகுதான் இப்படிக் கூடுமாம்.

காலையில் மட்டும் பார்த்ததால் உச்சத்தைத் தவறவிட்டேனா? சுழற்சி சீராக இல்லாதவர்கள் பட்டையை நாளுக்கு இரண்டு முறை பார்த்தீர்களா, இல்லை நேராக ஸ்கேனுக்கே போனீர்களா? அப்புறம், கணவருக்கும் இப்போதே விந்துப் பரிசோதனை செய்துவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.