கேனட் சிகரம்: டிட்கம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரே நாளில் ஏறித் திரும்ப முடியுமா?

கேள்வி (தென்றல்):

வணக்கம். வயோமிங் மாநிலத்தின் விண்ட் ரிவர் மலைத்தொடரில் உள்ள கேனட் சிகரத்துக்கு (4,207 மீட்டர்) ஜூலை நடுவில் செல்ல மூன்று நண்பர்கள் திட்டமிட்டிருக்கிறோம். மூவரும் ஹூஸ்டனில் வசிக்கிறோம். கூடாரம், உணவு எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு பல நாள் நடந்த பழக்கம் எங்களுக்கு உண்டு. பனிக்கோடரி, கிராம்பான் (பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்பு முள்சட்டம்) ஆகியவற்றைக் கையாளும் அடிப்படைப் பயிற்சியையும் ஒரு மலையேற்றப் பள்ளியில் முடித்திருக்கிறோம். ஆனால் வழிகாட்டியின் துணையின்றிப் பனியாற்றைக் கடந்ததில்லை.

பைன்டேல் ஊருக்கு மேலே எல்க்ஹார்ட் பார்க்கில் வண்டியை நிறுத்திவிட்டு, முதல் நாள் செனகா ஏரி, இரண்டாம் நாள் டிட்கம் பள்ளத்தாக்கு, மூன்றாம் நாள் பானி கணவாயைத் தாண்டிச் சிகரம் சென்று கூடாரத்துக்குத் திரும்புவது, அடுத்த இரண்டு நாளில் கீழே இறங்குவது என்பது எங்கள் எண்ணம். இந்த அட்டவணை நடைமுறைக்கு ஒத்துவருமா? கூடாரத்தைக் கணவாய்க்கு இப்பால் அடிப்பதா, அப்பால் அடிப்பதா? கயிறு கட்டாயம் வேண்டுமா? சென்று வந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 (மலைமுகடு):

வரைபடத்தில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சிகரத்துக்குக் கீழே உள்ள செங்குத்தான பனிச்சரிவைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். என் பார்வையில் இந்தப் பயணத்தின் உண்மையான சோதனை பானி கணவாய்தான், ஏனெனில் அதை ஒரே நாளில் இரண்டு முறை ஏற வேண்டும். டிட்கம் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியிலிருந்து சுமார் 3,900 மீட்டர் உயரத்தில் உள்ள கணவாய்க்கு ஏறத்தாழ 670 மீட்டர் ஏற்றம். அங்கிருந்து டின்வுடி பனியாற்றுக்கு 350 மீட்டருக்கு மேல் இறக்கம். பிறகு சிகரத்துக்கு மீண்டும் 700 மீட்டர் ஏற்றம். சிகரத்தைத் தொட்டுவிட்டு வரும்போது, கால்கள் ஓய்ந்து, பனி இளகிக் கிடக்கும் நண்பகலில், காலையில் இறங்கிய அந்த 350 மீட்டரையும் ஏறியாக வேண்டும். எல்லாம் சேர்த்தால் அன்றைய ஏற்றம் மட்டும் 1,700 மீட்டரைத் தாண்டுகிறது. உடல் வலிமை உள்ளவர்கள் இதைச் செய்துமுடிக்கிறார்கள். ஆனால் கடல் மட்டத்தில் வாழும் மூவர், மலைக்குள் நுழைந்த மூன்றாம் நாளே இதைச் செய்ய முனைவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பைன்டேல் ஊரே சுமார் 2,190 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எல்க்ஹார்ட் பார்க் 2,850 மீட்டர். ஊரில் ஓர் இரவு தங்கிவிட்டு நடக்கத் தொடங்குங்கள். இரண்டாம் இரவை ஐலண்ட் ஏரிக்கு அருகிலோ டிட்கம் ஏரிகளின் பக்கத்திலோ கழித்து, மூன்றாம் நாளைச் சிகரத்துக்கு ஒதுக்காமல், பாரமின்றிக் கணவாயின் அடிவரை சென்று பாதையைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவருவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பாறைக் குவியல்களுக்கிடையே எந்த வழியாக ஏறுவது என்பது இருட்டில் தலைவிளக்கின் ஒளியில் எளிதாகப் புலப்படாது. உங்கள் திட்டத்தில் வானிலைக்கென்று ஒரு நாள்கூட இல்லை என்பதையும் கவனித்தேன். அங்கே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. நண்பகலுக்குள் சிகர முகட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். எனவே ஐந்து நாளை ஏழாக்குங்கள். விடுமுறை கிடைக்காது என்றால், சிகரத்தை விட்டுவிட்டு டிட்கம் பள்ளத்தாக்கை மட்டும் பார்த்து வாருங்கள். அதற்காக மட்டுமே நடந்து வருபவர்கள் ஏராளம்.

எல்க்ஹார்ட்டிலிருந்து டிட்கம் வரையிலான பாதையைப் பற்றியும் ஒரு சொல். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உயர வேறுபாடு 400 மீட்டர்கூட இல்லை என்பதால் எளிது என்று தோன்றும். ஆனால் ஏரிக்கு ஏரி ஏறி இறங்கிக்கொண்டே செல்லும் பாதை அது, திரும்பும்போதும் அதே அளவு வாட்டும். சிகரம் சென்று வர மொத்தத் தொலைவு ஏறத்தாழ 64 கிலோமீட்டர்.

பதில் 2 (வடகாற்று):

மலைமுகடு அவர்கள் சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பில்லை. அதே கணக்கிலிருந்து வேறொரு முடிவுக்கு வருகிறேன். கூடாரத்தைக் கணவாய்க்கு அப்பால், டின்வுடி பனியாற்றின் விளிம்பில் உள்ள கற்குவியல் பகுதியில் அடித்தால், சிகரம் ஏறும் நாள் பாதியாகச் சுருங்கிவிடும். விடியலுக்கு முன் பனியாற்றைக் கடந்து, சிகரத்துக்குக் கீழே உள்ள அந்தச் செங்குத்தான பனிச்சரிவான கூஸ்நெக் சரிவில் வெயில் படும் நேரத்திலேயே அதன் அடியை எட்டிவிடலாம். அந்தச் சரிவு கிழக்கு நோக்கியது, ஆகவே காலை வெயிலே அதை இளக்கத் தொடங்கிவிடும் என்பது இங்கே முக்கியம். முழுப் பாரத்துடன் கணவாயை ஏறுவது கொடுமைதான், ஆனால் அதை அவசரமில்லாத ஒரு நாளில் நின்று நிதானித்து ஏறலாம்.

கயிறு பற்றி. சரிவின் அடியில், நகரும் பனியாறு மலையோடு ஒட்டிக் கிடக்கும் பனியிலிருந்து விலகுவதால் பிளவு ஒன்று உண்டாகிறது. ஏறுபவர்கள் அதை பெர்க்ஷ்ருண்ட் என்பார்கள். ஜூலையில் அதன்மீது பெரும்பாலும் பனிப்பாலம் இருக்கும். ஆகஸ்ட் செல்லச் செல்ல அது மெலிந்து இடிந்துவிழும், அதற்கு மேலுள்ள சரிவும் வெறும் ஐஸாக மாறிவிடும். பாலத்தைக் கடக்கும்போது மூவரும் கயிற்றில் இணைந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அதற்கு மேல், 40 பாகைக்கும் கூடுதலான சரிவில், பனியில் நங்கூரம் அடிக்காமல் மூவரும் ஒரே கயிற்றில் சேர்ந்து ஏறுவதைப்போல் ஆபத்தானது வேறில்லை. ஒருவர் சறுக்கினால் மற்ற இருவரையும் அவரே இழுத்துச் சென்றுவிடுவார். ஆகவே கயிறு கொண்டுசெல்வதானால், பனியில் அடிக்கும் பிக்கெட்டுகளையும், அவற்றைப் பயன்படுத்தும் பழக்கத்தையும் சேர்த்தே கொண்டுசெல்லுங்கள். பழக்கம் இல்லையென்றால் வழிகாட்டியை அமர்த்துங்கள். இதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை. ஹெல்மெட் மூவருக்கும் வேண்டும், வெயில் ஏறியதும் மேலிருந்து கற்கள் உதிரும்.

பதில் 3 (ஏரிக்கரை):

அப்பால் கூடாரம் என்னும் யோசனையில் ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. கணவாய் அமெரிக்கக் கண்டத்தின் நீர்ப்பிரிமுகட்டின் மேல் அமைந்தது. இப்புறத்து நீர் கிரீன் ஆறு வழியாகக் கொலராடோ ஆற்றுக்கும், அப்புறத்து நீர் விண்ட் ஆறு வழியாக மிசௌரி ஆற்றுக்கும் செல்கிறது. புயல் வந்து கணவாய் அடைபட்டால் நீங்கள் மறுபுறத்தில் சிக்கிக்கொள்வீர்கள். அங்கிருந்து வெளியேறும் பாதை டூபாய்ஸ் ஊரின் பக்கம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் செல்கிறது, உங்கள் வண்டியோ மலைக்கு மறுபுறத்தில் நிற்கும். உணவு ஒரு நாளுக்காவது மிச்சம் இருந்தால்தான் நான் அப்பால் தங்குவேன்.

மற்றபடி சில நடைமுறைச் செய்திகள். மலைத்தொடரின் வடபகுதியில் கிரிஸ்லி கரடிகள் உண்டு. உணவைக் கரடியால் திறக்க முடியாத கெட்டியான பெட்டியில் (பேர் கேனிஸ்டர்) வைப்பதே எளிது, ஏனெனில் மரக்கோட்டுக்கு மேலே உள்ள டிட்கம்மில் உணவுப் பையைத் தொங்கவிட மரமே இல்லை. கரடியை விரட்டும் தெளிப்பானை (பேர் ஸ்ப்ரே) பையின் அடியில் புதைக்காமல் இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள். ஜூலைக் கொசுக்களைப் பற்றி இதுவரை யாரும் சொல்லாதது வியப்பளிக்கிறது. தலைக்கு வலை இல்லாமல் ஏரிக்கரையில் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. பள்ளத்தாக்கில் கைப்பேசி வேலைசெய்யும் என்று நம்பாமல், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

தென்றல்:

மூவருக்கும் நன்றி. விடுமுறையை ஏழு நாளாக நீட்டிக்க இருவருக்கு வாய்ப்பிருக்கிறது, மூன்றாமவரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். கூடாரத்தை இப்பாலேயே வைத்துக்கொள்கிறோம். ஒரே ஒரு ஐயம்: அன்று திரும்பிவிடுவது நல்லது என்பதை எதை வைத்து முடிவுசெய்வது?

மலைமுகடு:

இரவில் வானம் தெளிவாக இருந்தால் பனி தன் வெப்பத்தை வெளியேற்றி இறுகிவிடும். மேகம் மூடியிருந்தால் இறுகாது. அதிகாலை இரண்டு மணிக்குக் கூடாரத்தை விட்டு வெளியே வந்ததும் காலால் பனியை மிதித்துப் பாருங்கள். பூட்ஸ் கணுக்கால்வரை புதைந்தால் அன்று போக வேண்டாம். பனி இறுகியிருந்து நீங்கள் புறப்பட்டாலும், காலை ஆறரைக்குள் கணவாயின் உச்சியில் மூவரும் நிற்காவிட்டால் டின்வுடி பக்கம் இறங்காதீர்கள். இறங்கிவிட்டால் அதன்பின் முடிவு உங்கள் கையில் இருக்காது.

அப்படித் திரும்ப நேர்ந்தால், அடுத்த நாளுக்கு ஃப்ரீமான்ட் சிகரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உயரம் 4,189 மீட்டர்; கேனட்டைவிட 18 மீட்டர்தான் குறைவு. தென்மேற்குச் சரிவு பாறையில் கைகளையும் ஊன்றி ஏறும் வகையைச் சேர்ந்தது, பனியாற்றைக் கடக்கத் தேவையில்லை. இண்டியன் பேசின் என்னும் பள்ளத்தாக்கின் பக்கமிருந்து ஏறலாம். 1842இல் ஆய்வுப் பயணி ஜான் ஃப்ரீமான்ட் ராக்கி மலைகளிலேயே மிக உயர்ந்தது என்று நம்பி ஏறியது இதுவே என்று பலர் கருதுகிறார்கள்.

வடகாற்று:

அந்த ஆறரை மணிக் கெடுவை நானும் வழிமொழிகிறேன். புறப்படும் முன்பே மூவரும் அதை ஒப்புக்கொண்டுவிடுங்கள். கணவாயின் மேல் நின்று கேனட்டைப் பார்த்துக்கொண்டே விவாதித்தால் எப்போதும் போகலாம் என்றுதான் முடிவாகும்.