அண்ணனுக்கு ஆர்.பி., தம்பிக்கு மாமன் மகள்: ஜீன் டெஸ்ட் யாருக்கு முதலில்?

காரைக்குடி ஆப்டோ (ஆப்டோமெட்ரிஸ்ட், கண் பரிசோதகர்):
அண்ணன் வயது 31, ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா (ஆர்.பி., விழித்திரை மெல்லச் சிதையும் பரம்பரை நோய்). பதின்வயதிலிருந்தே மாலைக்கண், பக்கப் பார்வை சுருங்கிவிட்டது, ஈ.ஆர்.ஜி.யில் (விழித்திரையின் மின் பதிலை அளக்கும் சோதனை) மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சி செல்களின் பதில் ஏறக்குறைய இல்லை. தம்பி வயது 27, எல்லாம் நார்மல். பெற்றோர் அத்தை மகன், மாமன் மகள். இப்போது தம்பிக்கும் தாய்மாமன் மகளைப் பேசுகிறார்கள். மாமனுக்குக் கண்ணில் குறையில்லை. "வேற கோயில்தானே (வேறு குலப் பிரிவு), பங்காளி இல்லையே" என்கிறது வீடு. பெண்ணுக்கு மட்டும் டெஸ்ட் எடுத்தால் போதுமா?

மரபணு ஆலோசனை:
போதாது. முதல் ரத்தம் அண்ணனுடையது. ஆர்.பி.க்குக் காரணமாகும் ஜீன்கள் பல டஜன். இந்தக் குடும்பத்தின் பிழை எதில் என்று தெரியாமல் பெண்ணுக்கு எடுத்து "ஒன்றுமில்லை" என்று வந்தால் அதை நம்பி எதுவும் செய்ய முடியாது.

கோயில் அப்பா வழியில் இறங்குவது. செல்லுக்குள் அதே தடத்தில் இறங்குவது ஒய் குரோமோசோம் ஒன்றுதான். மற்ற 22 ஜோடிகளிலும் பாதி அம்மாவுடையது. தம்பிக்கு ஆயா (அம்மாவின் அம்மா) யாரோ அவர்தான் அந்தப் பெண்ணுக்கு அப்பத்தா. கோயில் வேறானாலும் ரத்தம் ஒன்று.

ஒடுங்கு மரபு, அதாவது ஜீனின் இரண்டு பிரதியும் பழுதானால்தான் நோய் என்றே வைப்போம். நோயில்லாத தம்பி கேரியராக (ஒரு பிரதியில் மட்டும் பிழை உள்ளவர்) இருக்க வாய்ப்பு 2/3. அம்மா நிச்சயம் கேரியர், மாமன் 1/2, மகள் 1/4. இருவரும் கேரியரானால் குழந்தைக்கு 1/4. ஆக, குழந்தைக்கு நோய் வர 2/3 × 1/4 × 1/4 = 1/24. பெண்ணின் அம்மாவும் சொந்தம் என்றால் இன்னும் கூடும். ஆனால் பிழை எக்ஸ் குரோமோசோமில், உதாரணமாக ஆர்.பி.ஜி.ஆர். ஜீனில் இருந்தால் கதையே வேறு. மாமனிடம் இருப்பது ஒரே எக்ஸ். அவர் கண் நன்றாக இருப்பதால் மகளுக்கு அவர் கொடுத்ததும் நல்ல எக்ஸ். தம்பியும் தப்பித்தவர். இந்தக் கல்யாணத்துக்கு அந்த ஜீனால் பயமில்லை. அண்ணனின் விழித்திரையை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம். அம்மாவின் விழித்திரையையும் பாருங்கள்: பொன்னிறப் பளபளப்புத் தெரிந்தால் எக்ஸ் பக்கம் சந்தேகம் வலுக்கும்.

வம்சப் படம் வரையும்போது பிள்ளை கூட்டிய (தத்தெடுத்த) வீடா என்று கட்டாயம் கேளுங்கள். செட்டிநாட்டில் இதை விட்டால் கணக்கு முழுக்கத் தப்பும். பெற்ற ஐயா (தாத்தா) யார் என்பதே நமக்கு வேண்டும்.

லேப் மேசை:
ரத்தம் உறையாமல் காக்கும் ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. குழாயில் 3 முதல் 5 மி.லி.; எடுத்ததும் 8-10 தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்காதீர்கள். பச்சை மூடி வேண்டாம், அதிலுள்ள ஹெப்பாரின் பி.சி.ஆரை (டி.என்.ஏ.வைப் பெருக்கும் முறை) கெடுக்கும். அனுப்பும்வரை ஃபிரிட்ஜில் 4 டிகிரி, ஃப்ரீசரில் அல்ல.

பெற்றோர் ரத்தமும் கூடவே வரட்டும். சொந்தத்தில் முடித்த வீட்டில் பெரும்பாலும் ஒரே பிழை இரண்டு பிரதியிலும் கிடைக்கும். அப்படி வந்தும் பெற்றோரில் ஒருவரிடம் மட்டும் அது இருந்தால், மற்றவர் தந்த பிரதியில் அந்தத் துண்டே விடுபட்டிருக்கலாம். ஆர்.பி.ஜி.ஆரில் ஓ.ஆர்.எஃப்.15 என்ற பகுதி ஒரே மாதிரி எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடம்; சாதாரண எக்ஸோம் (ஜீன்களின் புரதக் குறிப்புப் பகுதிகளை மொத்தமாகப் படிக்கும் சோதனை) அங்கே கோட்டைவிடும். அதைத் தனியாகப் படிப்பார்களா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். ரிப்போர்ட்டில் வி.யூ.எஸ். (நோய் தருமா தராதா என்று தெரியாத மாற்றம்) என்று வந்தால் அதை வைத்துக் கல்யாணத்தை நிறுத்தவும் வேண்டாம், நடத்தவும் வேண்டாம். பிழை உறுதியானால் தம்பிக்கும் பெண்ணுக்கும் அந்த ஓர் இடத்தை மட்டும் படிக்கும் சாங்கர் சோதனை போதும், செலவும் குறைவு.

விழித்திரை மருத்துவர்:
அண்ணனுக்கு யாராவது வைட்டமின் ஏ மாத்திரையை அதிக அளவில் கொடுக்கிறார்களா? ஏ.பி.சி.ஏ.4 ஜீன் என்று தெரியவந்தால் அது கெடுதல். ரிசல்ட் வரும்வரை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். காது மந்தம், ஆறாவது விரல் உண்டா என்பதும் முக்கியம், ஆர்.பி.யோடு காது மந்தமும் சேரும் அஷர், கூடுதல் விரலும் சேரும் பார்டெட்-பீடல் இரண்டுக்கும் வேறு வழி. ஆர்.பி.ஈ.65-இன் இரண்டு பிரதியும் பழுது என்றால் 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஜீன் சிகிச்சை இருக்கிறது. உயிருள்ள விழித்திரை செல்கள் மிச்சமிருந்தால்தான் பயன்.

காரைக்குடி ஆப்டோ:
இருவருமே கேரியர் என்று வந்தால்?

மரபணு ஆலோசனை:
ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25%. முதல் குழந்தை தப்பித்தால் அடுத்ததற்குக் குறையாது. பிழை தெரிந்திருந்தால் 11-13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்க்கலாம். பெண்ணின் ரிப்போர்ட்டை முதலில் பெண்ணிடமே கொடுங்கள், மாப்பிள்ளை வீட்டில் அல்ல.