டைப்-சி கன்வெர்ட்டர்: வாங்கி, அளந்து, கேட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம், கடலூர்

தினமும் கடலூரிலிருந்து பாண்டிக்கு வேலைக்குப் போய்வருகிறேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பாட்டு கேட்க எனக்குக் கிடைப்பது அந்த இரண்டு மணி நேரம்தான். பழைய போன் போய்ப் புதியது வந்தபோது அதில் இயர்போன் மாட்டும் 3.5 மி.மீ. துளை இல்லை. 2016இல் ஐபோன் 7 அதை எடுத்தது. பிறகு ஒவ்வொரு கம்பெனியாக எடுத்து, கடைசியில் என் கைக்கு வந்த போனிலும் காணோம். என்னிடம் இருப்பதோ ஆசைப்பட்டு வாங்கிய 16 ஓம் (மின்தடை அளவு) ஒயர் இயர்போன். தூக்கிப்போட மனம் வரவில்லை.

போனின் டைப்-சி துளையில் செருகி அதில் ஒயர் இயர்போனை மாட்டிக்கொள்ளும் கன்வெர்ட்டர் ஒன்றை ஒரு கடையில் 150 ரூபாய்க்கு வாங்கினேன். பாட்டு வந்தது. ஆனால் கச்சேரி தொடங்குமுன் தம்புரா மட்டும் தனியாக ஒலிக்கும் இடத்தில், அடியில் தூறல் விழுவது மாதிரி ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கொஞ்சம் வீங்கிக் கேட்டது. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆயிரத்துக்குள் கிடைத்த ஆப்பிள் கன்வெர்ட்டரை வாங்கினேன். தூறல் நின்றது, தொப்பியும் பழையபடி இறுக்கமாக வந்தது.

புதிதாக வாங்கியதால் நன்றாக இருப்பதுபோல் தோன்றுகிறதோ என்று ஒரு சந்தேகம். சரி, அளந்தே பார்ப்போம் என்று இயர்போனுக்குப் பதிலாகச் சுமை கொடுக்க, லாரன்ஸ் ரோட்டில் 33 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) இரண்டு வாங்கிவந்தேன். ஒயர் அறுந்து கிடந்த இயர்போனின் பின்னை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டேன். அதன் கம்பிகளில் வார்னிஷ் பூச்சு இருக்கும். சால்டரிங் அயர்ன் வைத்துச் சுட்டால்தான் ஈயம் பிடிக்கும். லேப்டாப்பில் ஆடசிட்டி மென்பொருளில் 50 ஹெர்ட்ஸ் சைன் அலையை முழு அளவில் உருவாக்கி, வால்யூமை முழுதாக ஏற்றி, மல்டிமீட்டரை வைத்தேன். ஏன் 50 ஹெர்ட்ஸ் என்றால், சாதாரண மல்டிமீட்டர்கள் வீட்டுக் கரண்டை அளக்கச் செய்யப்பட்டவை. அந்தப் பக்கத்தில்தான் அவை சரியாகக் காட்டும். ஆயிரம் ஹெர்ட்ஸ் போட்டால் பல மீட்டர்கள் தப்பாகக் காட்டும். இன்னொன்று, மலிவான மஞ்சள் மீட்டரில் ஏசி வோல்ட்டுக்கு இருக்கும் மிகச் சிறிய அளவே 200 வோல்ட், இதற்கு உதவாது. 2 வோல்ட் ஏசி அளவு உள்ள மீட்டர் வேண்டும். அளக்கும்போது இயர்போன் காதில் இருக்கக் கூடாது.

150 ரூபாய் கன்வெர்ட்டர்: சுமை இல்லாமல் சும்மா இருக்கும்போது 0.48 வோல்ட். 33 ஓம் குறுக்கே போட்டதும் 0.38. ஆப்பிள்: 0.98, போட்டதும் 0.95.

அந்தச் சரிவில்தான் விஷயம் இருக்கிறது. சும்மா இருந்த வோல்ட்டைச் சுமையோடு இருந்த வோல்ட்டால் வகுத்து, ஒன்றைக் கழித்து, 33ஆல் பெருக்கினால் கன்வெர்ட்டரின் சொந்த மின்தடை வரும். முதலாவதற்கு 8.7 ஓம், இரண்டாவதற்கு 1 ஓம். இயர்போனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் இது போகக் கூடாது என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. என் 16 ஓமுக்கு 2 ஓம்தான் எல்லை. எல்லா ஸ்வரத்துக்கும் இயர்போனின் தடை ஒன்றாக இருப்பதில்லை. பேஸ் பக்கம் சில இடங்களில் ஏறும். கன்வெர்ட்டரின் தடை அதிகமானால் அந்த இடங்களில் ஒலியும் கூடிவிடும். தொப்பி வீங்கியது அதனால்தான். அன்றைக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! காது பொய் சொல்லவில்லை.

இரைச்சலை மீட்டரால் அளக்க முடியாது, அதற்கு ஆய்வுக்கூடக் கருவி வேண்டும். அப்படி அளந்தவர்கள் 'சினாட்' என்று ஒரு எண் சொல்வார்கள். பாட்டு எங்கே நிற்கிறது, இரைச்சலும் சிதைவும் சேர்ந்து அதற்கு எவ்வளவு கீழே நிற்கின்றன என்கிற இடைவெளி அது. ஆப்பிள் கன்வெர்ட்டருக்கு ஏறத்தாழ 99 டெசிபல் வந்திருக்கிறது. சிடியின் 16 பிட் தரும் இடைவெளியே 96தான். பல ஆயிரம் கொடுத்தால் 110ஐத் தாண்டுபவையும் உண்டு. ஆனால் ஓடும் பஸ்ஸில் அந்த வித்தியாசத்துக்குக் காசு கொடுக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

உங்களுக்காவது பாட்டு வந்தது அண்ணே. ஞாயிற்றுக்கிழமை சண்டே மார்க்கெட்டில் நான் வாங்கியது என் போனில் வாயே திறக்கவில்லை. எல்லா போனுக்கும் ஆகும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அதே கன்வெர்ட்டர் என் மாமா போனில் அருமையாகப் பாடியது. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. இதில் இரண்டு வகை. ஒன்றில் உள்ளேயே சின்ன சிப் இருக்கும், டிஜிட்டலை ஒலியாக மாற்றித் தரும். இன்னொன்றில் சிப்பே கிடையாது, வெறும் ஒயர். போன் தானே மாற்றி, டேட்டா போகும் கம்பி வழியாக ஒலியை அனுப்பினால்தான் அது பாடும். அந்த வசதி இல்லாத போன்கள் நிறைய. மாமா போனில் இருக்கிறது, என்னுடையதில் இல்லை.

வாங்கும்முன் ஒரு லேப்டாப்பின் டைப்-சி துளையில் செருகிப் பாருங்கள். புதிய ஒலிச்சாதனம் ஒன்று பட்டியலில் தோன்றினால் சிப் இருக்கிறது. சில போன்களில் செட்டிங்ஸில் ஓடிஜியை (வெளிச்சாதனங்களைப் போனில் மாட்டும் வசதி) ஆன் செய்ய வேண்டும், அதையும் பார்த்துவிடுங்கள்.

பழைய நகரம், கடலூர்

அளவெல்லாம் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டிலிருந்து துறைமுகம் நடக்கிற தூரம். ஒரு வருஷத்துக்குள் கன்வெர்ட்டர் பின்னில் பச்சைக் களிம்பு. ஒரு காது வரும், ஒரு காது வராது, திருகினால் கரகர என்கும். உப்புக்காற்று. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு மாதம் ஒருமுறை துடைக்கிறேன், காய்ந்த பிறகுதான் செருகுவேன். இரண்டாவது கன்வெர்ட்டர் மூன்றாம் வருஷம் ஓடுகிறது.

அரியாங்குப்பம்

என்னிடம் 300 ஓம் பெரிய ஹெட்போன் இருக்கிறது, வீட்டில் கேட்க. ஆப்பிள் கன்வெர்ட்டர் இழுக்குமா? ஆண்ட்ராய்டில் சத்தம் குறையும் என்கிறார்களே?

மஞ்சக்குப்பம், கடலூர்

வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்துப் பாருங்கள் சார். 1 வோல்ட் என்றால் 32 ஓம் இயர்போனுக்கு 31 மில்லிவாட் போகும், உங்கள் 300 ஓமுக்கு 3.3தான். அமைதியான அறையில் மெல்லிசைக்குப் பெரும்பாலும் போதும். ஆனால் மெதுவாகப் பதிவான பழைய கச்சேரிகளுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டிவரும்.

மாடல் எண்ணை அவசியம் பாருங்கள். ஏ2049 என்பது 1 வோல்ட் தரும். ஐரோப்பாவுக்காகச் செய்த ஏ2155 அரை வோல்ட்தான், காதுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக. அதில் உங்கள் ஹெட்போனுக்கு 0.83 மில்லிவாட், 6 டெசிபல் குறைவு. அதை வாங்காதீர்கள்.

ஆண்ட்ராய்டு பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. பல போன்களில் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் வால்யூம் முழுதாக ஏறாமல் நின்றுவிடும். நான் லேப்டாப்பில் வைத்து அளந்ததும் அதனால்தான். யூஎஸ்பி ஆடியோ பிளேயர் புரோ என்கிற ஆப் நேராகச் சிப்போடு பேசி அதை ஏற்றிவிடும். பஸ்ஸில் நான் அதில்தான் கேட்கிறேன். காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆனால் அந்த ஆப்பில் ஓடும் பாட்டுக்கு மட்டும்தான் அது, யூடியூபுக்கு உதவாது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து அரியாங்குப்பம் வழியாகத்தான் திரும்புவேன். சொன்னால் இறங்கிக்கொள்கிறேன். என் கன்வெர்ட்டரை உங்கள் ஹெட்போனில் மாட்டி ஒரு முழு ஆலாபனை கேட்டுவிட்டு அப்புறம் வாங்குங்கள்.