புதுப்பிப்பு: மாருதி ஜிப்சி ஜீப்பின் முன் ஆக்ஸிலில் தண்ணீர், காரணம் கிடைத்துவிட்டது

ஓடையைக் கடந்த பிறகு என் ஜிப்சியின் முன் டிஃபரன்ஷியல் (முன் ஆக்ஸிலில் இருக்கும் கியர் பெட்டி) ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறிவிட்டது, சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) போய்விட்டதா என்று கேட்டிருந்தேன். பிரீதரை, அதாவது ஆக்ஸிலுக்குள் காற்று போய்வரும் வழியை, பார்க்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி, அதேதான். ஆக்ஸில் மேலே இருக்கும் அந்தச் சின்ன மூடி, சேறு காய்ந்து இறுகிப்போயிருந்தது. ஓடிச் சூடான ஆக்ஸில் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். மேலே வழி அடைத்திருந்தால் சீல் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

இப்போது மூடிக்குப் பதில் நிப்பிள் (ஹோஸ் மாட்டும் சின்னக் குழாய் முனை) போட்டு, ஆயில் தாங்கும் ஹோஸை பானெட்டுக்குள் உயரமாக ஏற்றி, முனையில் ஃபில்டர் வைத்துவிட்டேன். ஹோஸ் கொஞ்சம் தொய்வாகவே இருக்கட்டும், சக்கரம் கீழே தொங்கும்போது இழுபடக் கூடாது. புது ஆயில் ஊற்றி ஓட்டிப் பார்த்தேன். லேசாகக் கலங்கியிருந்ததால் மறுபடி மாற்றினேன், இப்போது தெளிவு. செய்யப்போகிறவர்கள், நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம்தான் வடிக்கும் போல்ட், இல்லாவிட்டால் ஆயிலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற முடியாமல் நிற்க வேண்டியதுதான்.