ரிடெய்னர்ல வெள்ளையா படியுது, வெந்நீர்ல போட்டு வளைஞ்சும் போச்சு, என்ன பண்றது?

நெல்லைமீனா:
வணக்கம். எத்துப்பல்லுக்காக ரெண்டேகால் வருஷம் கிளிப் போட்டிருந்தேன், நாலு மாசம் முன்னாடி தான் கழட்டுனாங்க. பல்லு திரும்ப நகராம இருக்க மேலயும் கீழயும் கண்ணாடி மாதிரி இருக்கிற ரிடெய்னர் குடுத்து சாப்பிடுறப்ப, பல் விளக்குறப்ப தவிர நாள் பூரா போடணும், ஆறு மாசம் கழிச்சு நைட் மட்டும் போதும்னாங்க. அப்படியே தான் போட்டுட்டு வரேன். இப்ப கீழ் ரிடெய்னர்ல முன்பல்லு உள்பக்கம் சுண்ணாம்பு பூசுன மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்கு. தினமும் பேஸ்ட் போட்டு தான் தேய்க்கிறேன், நகத்தால சுரண்டியும் பாத்தேன், வரல. வாடையும் அடிக்குது, ஆபீஸ்ல கழட்டவே கூச்சமா இருக்கு.

இதவிட பெருசு, போன வாரம் ஊருக்கு போனப்ப எங்கம்மா பால்புட்டி கழுவுற மாதிரி நல்லா சுத்தமாகட்டும்னு மேல் ரிடெய்னர கொதிக்கிற தண்ணில போட்டுட்டாங்க. கடவாப்பல் பக்கம் ஒரு ஓரம் தூக்கிட்டு நிக்குது. அவங்கள ஒண்ணும் சொல்லவும் மனசு வரல, அவங்க நகைய வெச்சு தான் இந்த ட்ரீட்மெண்ட்டே நடந்துச்சு. அமுக்கி போட்டா ஒரு பல்லு மட்டும் வலிக்குது. திரும்ப வெந்நீர்ல போட்டு நிமித்தலாமா? அடுத்த அப்பாயின்மெண்ட்டுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு.

செந்தில்_தஞ்சை:
நிமித்தாதீங்க சிஸ்டர், ஒரு மாசமும் காத்திருக்காதீங்க, நாளைக்கே போன் போடுங்க. எனக்கு கம்பி வெச்ச ப்ளேட் மாதிரி ரிடெய்னர். ஒரு கல்யாணத்துல பந்தியில உக்காந்தப்ப கழட்டி டிஸ்யூல சுத்தி இலை ஓரமா வெச்சேன், கை கழுவிட்டு வந்து பாத்தா இலை எடுத்தவங்களோட அதுவும் போயிடுச்சு, எச்சில் இலை கூடைய கொட்டி தேடியும் கிடைக்கல. அதோட விட்டிருந்தா பரவால்ல, செலவாகுமேன்னு ரெண்டு மாசம் டாக்டர்கிட்ட போகாம இருந்துட்டேன். கீழ நடுப்பல்லு ஒண்ணு லேசா திரும்பிடுச்சு. திரும்ப ஆறு மாசம் கம்பி. அதுக்கான செலவுல அஞ்சாறு ரிடெய்னர் செஞ்சிருக்கலாம். அன்னைலேர்ந்து டப்பா இல்லாம வெளிய கிளம்புறதே இல்ல, நீங்களும் கழட்டுனா ஒண்ணு வாயில இல்லன்னா டப்பால, இது ரெண்ட தவிர வேற எங்கயும் வைக்காதீங்க.

பல்டாக்டர்_கோவை:
மீனா, செந்தில் தம்பி சொன்னது சரி. அந்த ரிடெய்னர் உங்க பல்லு அச்சு மேல ஒரு மில்லிமீட்டர் அளவு மெல்லிசான பிளாஸ்டிக் ஷீட்ட சூடு பண்ணி இழுத்து ஒட்ட வெச்சு செய்றது. சூட்டுல உருவானது, சூடு பட்டா உருவம் மாறத்தான் செய்யும். வெயில்ல நிக்கிற கார் டேஷ்போர்டுல வெச்சாலும் இதே கதி தான். வளைஞ்சத போட்டா எந்த பக்கம் அழுத்துதோ அந்த பக்கம் பல்லு நகரும், அதனால தான் ஒரு பல்லு மட்டும் வலிக்குது. மேல்ல உள்ளத போடாதீங்க, கீழ்ல உள்ளத மட்டும் போட்டுட்டு ரெண்டு மூணு நாளுக்குள்ள போய் அளவு குடுங்க. நாலு மாசம் ஆச்சுன்னா பல்லு செட் ஆயிருக்கும்னு பலபேர் நினைக்கிறாங்க. பல்ல எலும்போட பிடிச்சிருக்கிற நார் மூணு நாலு மாசத்துல ஓரளவு சீராகும், ஆனா ஈறுல இருக்கிற மீள்நார் ரப்பர் மாதிரி, கிளிப் கழட்டி ஒரு வருஷம் ஆனாலும் பல்ல பழைய இடத்துக்கே இழுத்துட்டு இருக்கும்.

வெள்ளையா இருக்கிறது பல்லுல படியுமே அந்த காரை. நாக்குக்கு அடியில எச்சில் சுரக்கிற வாய் கீழ் முன்பல்லுக்கு நேர் பின்னாடி தான் திறக்குது, அந்த எச்சில்ல உள்ள சுண்ணாம்புச்சத்து அங்க தான் முதல்ல படியும். போர் தண்ணில கழுவுறீங்கன்னா அந்த உப்பும் சேரும். வெள்ளை வினிகர்ல பாதிக்கு பாதி தண்ணி கலந்து இருபது நிமிஷம் ஊற வெச்சு மெத்து பிரஷ்ல தேயுங்க, ஒரே தடவைல போகலன்னா மறுநாள் பண்ணுங்க. ஊக்கு, பிளேடு வெச்சு சுரண்ட வேணாம். பேஸ்ட்ட நிறுத்துங்க, அதுல இருக்கிற நுண்ணு துகள் பிளாஸ்டிக்ல கீறல் போடும், அந்த கீறல்ல தான் அழுக்கு போய் உக்காரும், வாடையும் அதனால தான். கழட்டுன உடனே காயுறதுக்குள்ள பச்சைத்தண்ணில அலசி, தனி பிரஷ்ல ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் விட்டு தேய்ச்சா போதும். வாரத்துக்கு ஒரு நாள் பல்செட்டுக்கு மெடிக்கல்ல விக்கிற கிளின்சோடென்ட் மாதிரி சுத்தம் பண்ற மாத்திரைய தண்ணில கரைச்சு ரிடெய்னர ஊற வைங்க, கவர்ல வெதுவெதுப்பான தண்ணின்னு போட்டிருந்தாலும் நீங்க சாதா தண்ணிலயே போடுங்க.

தேன்மொழி78:
டாக்டர் சார் சொன்னதோட ஒண்ணு. என் பொண்ணுக்கு கீழ் பல்லு பின்னாடி ரிடெய்னரா ஒரு கம்பி ஒட்டியிருக்காங்க, கழட்ட வேண்டாம்ங்கறதால நிம்மதியா இருந்துட்டோம். ஒரு பல்லுல மட்டும் ஒட்டுனது விட்டுப்போச்சு, கம்பி அப்படியே தான் இருந்துச்சு, வலியும் இல்ல, அவளுக்கே தெரியல. பல்லு முன்னாடி தள்ளுன பிறகு தான் கண்டோம். இப்ப ராத்திரி டார்ச் அடிச்சு நானே பாக்குறேன், சூப்பர் ஃப்ளாஸ்ங்கற பல்லிடுக்கு நூல கம்பிக்கு அடியில விட்டு அழுக்க அவளே எடுத்துடுறா. அப்புறம் மீனா, மஞ்சள் போட்ட குழம்பு சாப்பிட்டு வாய் கொப்பளிக்காம மாட்டுனீங்கன்னா ரிடெய்னர் மஞ்சளாயிடும்மா, அது எதுல ஊற வெச்சாலும் லேசுல போகாது. போட்டுட்டு காபியும் குடிக்காதீங்க, தண்ணி மட்டும்.

நெல்லைமீனா:
ரொம்ப நன்றி டாக்டர், செந்தில் அண்ணா, தேன்மொழி அக்கா. நேத்து லீவு போட்டுட்டு போனேன், ஸ்கேன் எடுத்தாங்க, நல்லவேளை பல்லு நகரல, வியாழக்கிழமை புதுசு கிடைக்கும். அந்த ஸ்கேன சேவ் பண்ணி வெக்க சொல்லியிருக்கேன். கீழ் ரிடெய்னர ரெண்டு நாள் வினிகர்ல இருபது இருபது நிமிஷம் ஊற வெச்சு தேய்ச்சதும் அந்த வெள்ளை செதில் செதிலா வந்துடுச்சு, வெளிச்சத்துல பிடிச்சு பாத்தா பேஸ்ட் போட்ட கீறல் மட்டும் கோடு கோடா தெரியுது. அம்மாகிட்ட போன்ல சொன்னேன், பச்சைத்தண்ணி தான் நல்லதுன்னு. டப்பா மேல பேப்பர் ஒட்டி எழுதி வெச்சுடுறேன்னு அவங்களே சொன்னாங்க.