அமாவாசை வந்தால் அம்மா ஒடுங்கிப்போகிறார், சந்திரன்தான் காரணமா?

மாங்குளம் மகள்:
அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னமே அம்மா கதைப்பதைக் குறைத்துவிடுவார், சாப்பாடு இறங்காது, இரவில் எழும்பி முற்றத்தில் இருப்பார். மூன்றாம் பிறை தெரிகிற நேரம் தானாகச் சரியாகிவிடும். அப்பா 2009 மே மாதம் காணாமல் போனவர், அதைப் பற்றி அம்மா வீட்டில் கதைப்பதே இல்லை. அம்மாவின் சாதகக் குறிப்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். விருச்சிக ராசி, அனுஷம், தை மாதத் தேய்பிறை ஏகாதசியில் பிறந்தவர். மனதுக்குரிய கிரகமான சந்திரன் நீசம், தேய்பிறை வேறு, அதுதான் மாதாமாதம் இப்படி என்று சொல்லி, சாந்தி செய்ய 40,000 ரூபாய் கேட்கிறார் சாத்திரியார். கடன் வாங்கியாவது செய்யலாம் என்று இருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

பஞ்சாங்கம் பார்க்கிறவன், வவுனியா:
தங்கச்சி, காசு கட்ட முதல் இதை வாசியுங்கோ. விருச்சிகத்தில் சந்திரன் நீசம் என்பதும் தேய்பிறையில் பலம் குறைவு என்பதும் சரி. ஆனால் அது பிறந்த நேரத்து அமைப்பு, ஆயுள் முழுக்க இருப்பது, மாதத்தில் நாலு நாள் மட்டும் வந்து போவதற்கு அதைக் காரணம் சொல்ல ஏலாது. மாதாமாதம் மாறுவது கோசாரம், அதாவது கிரகங்கள் இப்போது ராசிகளில் நகர்வது. அதில் மனதை வருத்தும் என்று நாங்கள் பார்ப்பது சந்திராஷ்டமம், ராசிக்கு எட்டில் சந்திரன் நிற்கும் இரண்டேகால் நாள். அம்மாவுக்கு எட்டாம் இடம் மிதுனம். அமாவாசையில் சூரியனும் சந்திரனும் ஒரே ராசியில் நிற்பதால், அமாவாசையும் சந்திராஷ்டமமும் சேர்வது ஆனி மாதத்தில் மட்டும்தான். மார்கழியில் பார்த்தால் சந்திராஷ்டமம் பறுவத்தை (பௌர்ணமியை) ஒட்டி விழும். அந்த நாட்களில் அம்மா எப்படி இருக்கிறார் என்று கலண்டரில் குறித்துப் பாருங்கோ. அப்போதெல்லாம் சுகமாக இருந்து, அமாவாசைக்கு மட்டும் வாடுகிறார் என்றால் குறிப்பில் தேட வேண்டாம்.

நந்திக்கடல்:
பிள்ளை, நானும் உங்கள் அம்மா மாதிரித்தான், என் அவரும் அந்த மே மாதம் போனவர். அமாவாசை என்றால் அயலில் எல்லோரும் சட்டிபானை கழுவி, தகப்பனுக்கு விரதம் பிடித்து, காகத்துக்குச் சோறு வைப்பார்கள். நான் என்ன செய்ய? படைத்தால் அவர் இல்லை என்று நானே சொன்ன மாதிரி. படைக்காமல் விட்டால், ஒருவேளை இல்லையென்றால் அந்த மனிசனைப் பட்டினி போடுகிறேனோ என்று நெஞ்சு கிடந்து அடிக்கும். ஆடி அமாவாசைக்கு முதல் கிழமை முழுக்க நித்திரையே வராது. இப்போது அன்றைக்கு வற்றாப்பளை அம்மனிடம் போய், உயிரோடு இருக்கிறவருக்குச் செய்வது போல அவருடைய பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்கிறேன். அதற்குப் பிறகுதான் ஒரு வாய் சாப்பிட முடிகிறது.

கிளிநொச்சிப் பெடியன்:
நிலவையும் நித்திரையையும் பற்றி 2021இல் வந்த ஓர் ஆய்வில், அர்ஜென்டினாவில் மின்சாரம் இல்லாத ஊர்க்காரருக்கும் நித்திரை குறைந்தது பறுவத்துக்கு முந்திய இரவுகளில்தான். அக்கா சொல்வது அதற்கு நேர்மாறு. எதற்கும் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஒருக்கா காட்டுங்கோ, நல்லாக் கதைப்பார்கள்.

மாங்குளம் மகள்:
நந்திக்கடல் அம்மா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கன நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, அப்பாவின் நட்சத்திரம் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். ரேவதி என்றார். வருகிற அமாவாசைக்கு லீவு போட்டிருக்கிறேன்.